புதிதாக ஒரு சபைக்குப் போகிறவர்களுக்கு: முதல் ஞாயிறு தொடங்கி முதல் வருடம் வரை

அண்மையில் விசுவாசத்துக்கு வந்தவர்கள், வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊர் மாறியவர்கள், பல வருடம் சபைப் பக்கமே போகாமல் இருந்து இப்போது திரும்ப நினைக்கிறவர்கள். இந்த மூன்று தரப்பினரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இவர்கள் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "வீட்டிலேயே வேதம் வாசிக்கிறேன், ஜெபம் பண்ணுகிறேன். நல்ல செய்திகள் போனிலேயே கிடைக்கின்றன. அப்புறம் எதற்குச் சபை?"

நியாயமான கேள்வி. எப்படிப் போவது, எதைக் கவனிப்பது என்று சொல்லும் முன் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏன் போகிறோம் என்று தெரியாமல் போனால் நான்காவது வாரம் மழை பெய்தாலே நின்றுவிடுவோம்.

சபை என்று எதைச் சொல்கிறோம்

புதிய ஏற்பாட்டில் சபை என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'எக்லேசியா'. அந்தக் காலத்துக் கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடிப் பேசி முடிவெடுத்த கூட்டத்துக்கு அதுதான் பெயர். கட்டிடத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். ரோமர் 16-இல் அப்போஸ்தலன் பவுல், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடும் சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். பிலேமோன் என்பவரின் வீட்டிலும் ஒரு சபை இருந்தது. சிரியாவின் தூரா யூரோப்போஸ் என்ற பழைய நகரத்தை 1930களில் தோண்டியபோது, மூன்றாம் நூற்றாண்டில் சபையாக மாற்றப்பட்ட ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கியிருந்தார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி. எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் அறிந்திருக்கக்கூடிய அளவுள்ள இடம்.

அப்போஸ்தலர் 2:42-இல் எருசலேம் சபை நான்கு காரியங்களில் உறுதியாய் இருந்ததாக வாசிக்கிறோம்: உபதேசம், அந்நியோந்நியம் (ஒருவரோடொருவர் உறவாடுவது), அப்பம் பிட்குதல் (சேர்ந்து அப்பம் பகிர்வது), ஜெபம். உபதேசத்தைப் போனில் கேட்கலாம். ஜெபத்தைத் தனியறையில் செய்யலாம். மற்ற இரண்டையும் ஒற்றை ஆளாகச் செய்ய வழியே இல்லை.

இன்னும் ஒன்று. அப்போஸ்தலர்களின் நிருபங்களை வாசிக்கும்போது 'ஒருவர் ஒருவருக்கு', 'ஒருவரையொருவர்' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பாரத்தைச் சுமக்கச் சொல்கிறது கலாத்தியர் 6. மன்னிக்கச் சொல்கிறது கொலோசெயர் 3. குற்றங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5. இவை எல்லாம் கட்டளைகள். இவற்றுக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால், பக்கத்தில் குறிப்பிட்ட சில மனிதர்கள் வேண்டும். அவர்களில் சிலரை நமக்குப் பிடிக்காமலும் இருக்கும். மன்னிக்கும் கட்டளை அவர்களால்தான் நமக்குப் பயன்படுகிறது.

விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்த பொதுவான சபை' என்று சொல்கிறோமே, அது உலகம் முழுவதும், எல்லாக் காலத்திலும் உள்ள விசுவாசிகளைக் குறிக்கும். ஆனால் அந்தப் பெரிய சபை நமக்கு ஆஸ்பத்திரியில் கஞ்சி கொண்டுவந்து தராது. அதைச் செய்ய உள்ளூர்ச் சபைதான் வரும்.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு பெரிய சபைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் போய்க்கொண்டிருந்தேன். முதல் பாட்டு தொடங்கியதும் உள்ளே நுழைவேன், ஆசீர்வாதம் சொன்னதும் வெளியே வந்துவிடுவேன். அப்புறம் உடம்பு சரியில்லாமல் ஐந்து வாரம் போகவில்லை. யாரும் தேடவில்லை. எனக்கு மிகவும் வலித்தது, கோபமும் வந்தது. பல மாதங்கள் கழித்துத்தான் யோசித்தேன்: அந்த ஒரு வருடத்தில் நான் ஒருவரிடமாவது என் பெயரைச் சொல்லியிருந்தேனா? நான் யாரையாவது தேடியிருந்தேனா? அவர்கள் பக்கமும் குறை உண்டு, என் பக்கமும் உண்டு. அதிலிருந்து ஒரு சபையைப் பற்றி நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: இங்கே ஒருவர் வராமல் போனால் யாருக்காவது தெரியுமா?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றை வாசியுங்கள்.

போகும் முன்

வீட்டுக்கு அருகில் உள்ள சபைகளிலிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம் நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் பயணம் செய்துவிடலாம். ஆனால் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கோ, இரவில் திடீரென்று உதவி தேவைப்படும் ஒருவரின் வீட்டுக்கோ அவ்வளவு தூரம் போக மாட்டோம். கத்தோலிக்கராக இருந்தால் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கென்று ஒரு பங்கு (உள்ளூர்த் திருச்சபைப் பிரிவு) ஏற்கெனவே இருக்கும், அங்கே போய்ப் பெயரைப் பதிந்தால் போதும்.

மற்றவர்களுக்குத் தேர்வு கொஞ்சம் கடினம். லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே என்று பல மரபுகள். இவற்றுக்குள் உள்ள வேறுபாடுகளை ஒரே நாளில் கற்க வேண்டாம். மூன்று இடங்களில் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களா, விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகு மட்டும்தானா, கர்த்தருடைய பந்தியை (திருவிருந்து, நற்கருணை என்றும் சொல்வார்கள்) எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், பேராயர் ஒருவரின் கீழ் இயங்குகிறார்களா, மூப்பர்கள் (சபையை வழிநடத்தும் பெரியவர்கள்) நடத்துகிறார்களா, சபையார் கூடி முடிவெடுக்கிறார்களா. சபையின் விசுவாச அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால், தாங்கள் எதை நம்புகிறோம் என்பதைப் போதகர் நேரில் தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டு அல்லது மூன்று சபைகளைக் குறித்துக்கொண்டால் போதும். பத்துச் சபைகளைச் சுற்றிப் பார்க்கிறவர் கடைசியில் எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் குறை காணப் பழகிவிடுவார். பதினோராவது இடத்திலும் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது.

முதல் ஞாயிறு

கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். வாசலில் நிற்கிறவரிடம் "நான் புதிது" என்று சொல்லிவிடுங்கள், பாதிப் பதற்றம் அங்கேயே போய்விடும். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் சில சபைகளில் உண்டு. அது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அதையும் அவரிடம் முன்பே சொல்லலாம். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் அல்லது பின்வரிசையில் உட்கார்ந்தால், எப்போது எழுவது, எப்போது முழங்காற்படியிடுவது என்பதை மற்றவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தெரியாத இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

காணிக்கைப் பை வரும்போது எதுவும் போடாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். முதல் தடவை வந்தவரிடம் பணம் எதிர்பார்க்கிற சபை என்றால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருவிருந்து நடந்தால் என்ன செய்வது என்பதில்தான் பலரும் குழம்புவார்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாக அந்தந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் மட்டுமே நற்கருணை பெறுவார்கள். வேறு பல சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற எவரும் வரலாம் என்பார்கள். சில சபைகளில் முன்கூட்டிப் போதகரிடம் பேசியிருக்க வேண்டும். எதுவென்று தெரியாவிட்டால் அன்றைக்கு இருக்கையிலேயே இருந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதியபடி, தன்னைத்தானே சோதித்தறிந்து வர வேண்டிய பந்தி அது. ஒரு வாரம் பொறுத்திருப்பது அவமரியாதை ஆகாது.

ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். இதை மட்டும் நான் வற்புறுத்திச் சொல்வேன். கடைசி ஆமென்னுக்குப் பிறகு வரும் பதினைந்து நிமிடத்தில்தான் ஒரு சபை எப்படிப்பட்டது என்று தெரியும். யார் யாரிடம் பேசுகிறார்கள், தனியாக நிற்கும் முதியவரிடம் யாராவது போகிறார்களா, தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு மட்டும் வட்டம் போட்டு நிற்கிறார்களா, குழந்தைகள் பெரியவர்களைக் கண்டால் ஓடி வருகிறார்களா, ஒதுங்குகிறார்களா என்று பாருங்கள்.

ஆறு வாரம் கவனியுங்கள்

ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். அன்றைக்குப் போதகருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம், உங்களுக்கு மனசு சரியில்லாமல் இருந்திருக்கலாம். தொடர்ந்து ஆறு வாரம் போனால் ஓரளவு உண்மையான படம் கிடைக்கும்.

பிரசங்கத்தை எடுத்துக்கொள்வோம். பேச்சுத் திறமையை விட்டுவிடுங்கள். வாசித்த வசனம், அதன் முன்னும் பின்னும் இருக்கும் வசனங்களோடு சேர்த்து விளக்கப்படுகிறதா? பிரசங்கம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் மனதில் நிற்பது கிறிஸ்துவா, பேசியவரின் சாதனைகளா? பிடித்த பத்து வசனங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்களா, சங்கடமான பகுதிகளையும் தொடுகிறார்களா? 1530-இல் எழுதப்பட்ட, லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கை, சுவிசேஷம் சரியாகப் போதிக்கப்பட்டு, திருச்சடங்குகள் முறையாக நடக்கும் பரிசுத்தவான்களின் கூட்டமே சபை என்கிறது. இசைக்கருவி, விளக்கு, இருக்கை எதுவும் அந்த விளக்கத்தில் இல்லை.

ஜெபத்தையும் கவனியுங்கள். சபைக்குள் நோயாயிருப்பவர்களை, துக்கத்தில் இருப்பவர்களை நினைத்து ஜெபிக்கிறார்களா? தங்கள் சபைக்கு வெளியே இருக்கும் மக்களுக்காக, ஆட்சியாளர்களுக்காக, மற்றச் சபைகளுக்காக ஜெபிக்கிறார்களா? தங்களுக்காக மட்டுமே ஜெபிக்கிற சபை மெல்லச் சுருங்கிவிடும்.

அப்புறம் ஏழைகள். சுமார் 155-ஆம் ஆண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று ரோமப் பேரரசருக்கு எழுதினார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படும், நடத்துகிறவர் புத்தி சொல்வார், எல்லோரும் எழுந்து ஜெபிப்பார்கள், அப்பமும் பாத்திரமும் பகிரப்படும். வசதியுள்ளவர்கள் விருப்பப்பட்டுக் கொடுக்கும் பணம் அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கும் போகும். இன்று நீங்கள் போகும் சபையின் காணிக்கை எங்கே போகிறது என்பதை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையே இல்லாத சபையைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் இருக்கின்றன. சிமிர்னா, பிலதெல்பியா இரண்டுக்கும் மட்டும்தான் கண்டனம் இல்லை. எபேசு, பெர்கமு, தியத்தீரா, சர்தை, லவோதிக்கேயா ஐந்தும் திட்டு வாங்குகின்றன. ஆனாலும் ஆண்டவர் அவற்றைச் சபை என்றே அழைக்கிறார், அவற்றின் நடுவே உலாவுகிறார். குறையுள்ள சபை வேறு, ஆபத்தான சபை வேறு. இரண்டையும் பிரித்தறியத்தான் அடுத்த படி.

போதகரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

ஆறு வாரத்துக்குப் பிறகும் மனம் ஒட்டுகிறது என்றால், போதகரிடமோ ஆயரிடமோ ஒரு மணி நேரம் கேளுங்கள். கேட்க வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு போவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் கேட்பவை இவை:

- நீங்கள் தவறு செய்தால் உங்களைத் தட்டிக் கேட்கிறவர்கள் யார்?
- சபைக் கணக்கைச் சபையார் பார்க்க முடியுமா? வருடத்துக்கு ஒரு முறையாவது வாசிக்கிறீர்களா?
- சிறுபிள்ளைகளோடு இருக்கும் ஊழியர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்க நேராதபடி ஏற்பாடு உண்டா?
- சபைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் வராமல் போனால் என்ன செய்வீர்கள்?

நல்ல மேய்ப்பருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். பவுலே, எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கையாளாமல், சபைகள் நியமித்த சகோதரரையும் உடன் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு இன்றைய போதகருக்கு வேண்டாமா?

கேள்வி கேட்டதற்கே கோபப்படுகிறவர், "அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்காதே" என்கிறவர், குடும்பத்தாரையும் பழைய நண்பர்களையும் விட்டு விலகச் சொல்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், கடன் வாங்கியாவது காணிக்கை கொடுத்தால் பல மடங்கு திரும்ப வரும் என்கிறவர். இவர்களில் ஒருவரைக் கண்டாலும் வெளியே வந்துவிடுங்கள். இது புதிய பிரச்சினையும் இல்லை. 'டிடாக்கே' என்ற மிகப் பழைய சபை ஒழுங்குக் கையேடு, ஊர் ஊராக வரும் ஊழியக்காரன் புறப்படும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று அப்போதே எச்சரித்தது.

சேர்ந்துவிடுங்கள்

பல பேர் இந்த இடத்தில்தான் வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். ஒழுங்காக வருவார்கள், சேர மாட்டார்கள். சேராமல் இருந்தால் என்ன என்று கேட்டால், மத்தேயு 18-ஐக் காட்டுவேன். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் பேசு, பிறகு ஒன்றிரண்டு பேரோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்கிறார் இயேசு. யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிகிற ஒரு கூட்டம் இருந்தால்தான் இதைச் செய்யவே முடியும். மூப்பர்களுக்கும் இதே தேவை உண்டு. உங்கள் ஆத்துமாவுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் அவர்கள் என்கிறது எபிரெயர் 13. யார் யாருக்காக என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தால் முதலில் அதற்கான வகுப்பு. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கான ஆயத்தம் பல மாதங்கள் நடக்கும். பொதுவாக உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பு இரவில் திருமுழுக்குக் கொடுப்பார்கள். பாப்டிஸ்ட் போன்ற சபைகளில் உங்கள் விசுவாச சாட்சியைக் கேட்டுவிட்டு முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். வேறு சபையில் ஏற்கெனவே பெற்றவர்கள் அங்கிருந்து கடிதம் வாங்கி வர வேண்டியிருக்கலாம். எப்படி இருந்தாலும் அவசரப்படுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எதற்குச் சம்மதிக்கிறீர்கள் என்று புரிந்த பிறகு சம்மதியுங்கள்.

முதல் வருடத்தில்

வார நாளில் வீடுகளில் கூடும் சிறு குழு இருந்தால் அதில் சேருங்கள். ஞாயிறு ஆராதனையில் ஐந்நூறு பேர் இருக்கலாம், இங்கே பத்துப் பேர் இருப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை என்பது இந்தப் பத்துப் பேருக்குத்தான் முதலில் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒரு சிறிய வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி அடுக்குவது, ஞாயிறு பள்ளியில் உதவுவது, முதியவர்களை அழைத்து வருவது. மேடை ஏறும் ஊழியத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வந்த ஒரு மாதத்திலேயே பாடச் சொல்லி, பேசச் சொல்லி மேலே ஏற்றினாலும் பணிவாக மறுத்துவிடலாம். மூப்பராகிறவர் நூதன சீஷனாயிருக்கக்கூடாது (புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவராய் இருக்கக்கூடாது) என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லப்பட்டதில் புதியவர்கள் மீதுள்ள அக்கறையும் இருக்கிறது.

காணிக்கையைப் பொறுத்தவரை, வருமானத்துக்கேற்ப ஒரு தொகையை நீங்களே தீர்மானித்து ஒழுங்காகக் கொடுங்கள். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) இன்றைக்கும் கட்டாயமா என்பதில் சபைகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. விசனமாயும் (மன வருத்தத்தோடும்) கட்டாயமாயும் கொடுக்க வேண்டாம் என்பதில் பவுலுக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு வருடத்துக்குள் யாராவது உங்களைக் காயப்படுத்திவிடுவார்கள். நீங்களும் யாரையாவது காயப்படுத்துவீர்கள். அன்றைக்குச் சபையை மாற்றத் தோன்றும். முதலில் மத்தேயு 18-இன் முதல் படியை எடுங்கள்: அந்த நபரிடம் தனியாகப் பேசுங்கள், வேறு யாரிடமும் சொல்வதற்கு முன்பு. பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடி, பாலியல் தொல்லை, பிள்ளைகளுக்குத் தீங்கு, பண மோசடி போன்றவற்றுக்கு இந்த வழி பொருந்தாது. அவை குற்றங்கள், காவல்துறைக்குப் போக வேண்டியவை. "சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் பக்கம் நில்லுங்கள்.

ஊர் மாறுவதாலோ, உபதேசத்தில் ஒத்துப்போக முடியாததாலோ விலக வேண்டி வந்தால், போதகரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். எடுத்த பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். சொல்லாமல் மறைந்துபோனால் உங்களைத் தேடுகிறவர்கள் மனம் நோவார்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. ஜஸ்டின் எழுதிய அதே விவரிப்பில், கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு வரி வருகிறது. உங்கள் சபையிலும் அப்படி வர முடியாதவர்கள் இருப்பார்கள்: படுக்கையில் இருப்பவர்கள், நோயாளியை விட்டு நகர முடியாதவர்கள், மனம் சோர்ந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள். அந்தப் பெயர்களைப் போதகரிடம் கேளுங்கள். முதல் தடவை பழகிய ஒருவரோடு சேர்ந்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். இருபது நிமிடம் போதும். அந்த வாரம் பாடிய பாட்டு எது, பிரசங்கம் எதைப் பற்றி என்று சொல்லுங்கள், ஒரு சங்கீதம் வாசியுங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள். கிளம்பும் முன், அடுத்து எப்போது வருவீர்கள் என்று நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள்.